இடது காதில் வந்த வள்ளம்

கடற்கரையில் மீன்காரர் கொட்டிலான இந்த வாடியில் வயர்லஸ் செட்டுக்கு முன்னால் உட்கார வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் என்னைப் பற்றி நாலு வார்த்தை. நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். மருதமுனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் எந்த மீன்வாடியிலும் போய் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அவரா, அவருக்குக் காது ரெண்டில்ல, நாலு" என்பார்கள். கடலில் நிற்கிறவன் செட்டுக்குள் இருமினால் போதும், எந்த போட், இருமினவன் யார், கடல் எப்படி இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். செட்டைக் கழற்றிப் பூட்ட எனக்கு எவரும் படிப்பிக்கவில்லை. பழுதாகி எறிந்தவற்றைக் கழற்றிக் கழற்றி நானே பழகினேன். நீங்கள் தலையில் மாட்டுகிறீர்களே, இரண்டு குமிழ் வைத்த இரும்பு வளையம், முன்பு ஒரு குமிழில் ஒரு செட்டும் மற்றக் குமிழில் மற்ற செட்டும் கேட்ட அந்தச் சாமான், அதைச் செய்தவனும் நான்தான். அதற்கு முன்பு இருந்தவர்கள் இரண்டு ஒலிபெருக்கியையும் அலற விட்டுவிட்டுத் தலையிடிக்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

செட்டைத் திருத்துவது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது கையைச் சுட்டுக்கொண்டு பழகும் வேலை. கேட்பது பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வாடியில் இரண்டு செட். ஒன்று ஆழ்கடலுக்கு. கிழமைக்கணக்கில் வெளியே நிற்கும் பெரிய போட்டுகள் அதில் பேசும். மற்றது கரைக்கடலுக்கு. விடியப் போய் மத்தியானம் திரும்பும் சின்ன வள்ளங்கள் அதில் பேசும். பெரிய போட்டுகள் வலது காதில், சின்ன வள்ளங்கள் இடது காதில். இது எனக்கு முன்பே இருந்த ஒழுங்கு. ஒலிபெருக்கிக் காலத்திலேயே ஆழ்கடல் செட்டை வலப்பக்கம்தான் வைத்திருந்தார்கள். என்னை அந்தக் கதிரையில் இருத்தியவர் (அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார், பெயர் வேண்டாம்) ஒரே வரியில் சொன்னார்: "நல்லதெல்லாம் வலதால." நாம் வலது கையால் சாப்பிடுகிறோம், வலது காலை வைத்துப் பள்ளிவாசலுக்குள் நுழைகிறோம், ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தால் வலது கையால் கொடுக்கிறோம். அப்படியானால் நடுக்கடலில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனின் குரலையும் வலது காதால் வாங்குவதுதானே மரியாதை? பெரிய போட்டுகளின் சொந்தக்காரர்கள் எங்கள் மீனவர் சங்கத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் என்பதும் அந்த மரியாதைக்குள் இருந்தது. அதையும் மறைக்கத் தேவையில்லை.

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆட்கள் பேசினால், வலது காதில் பேசுகிறவனின் வசனம் முழுதாக வந்து சேரும். இடது காதில் கேட்பது பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி: சத்தம் இருக்கும், விஷயம் இருக்காது. "பாத்தியா, வலதுட பரக்கத்த, அல்லாஹ்ட அருள" என்று என்னோடு வேலை செய்த றபீக்கிடம் அடிக்கடி சொல்வேன். றபீக் என் மச்சான்முறை. அவன் எதற்கும் ஓம் என்று சொல்லாதவன். "ஒங்கட எடது காது அடைச்சுப்போய்க் கெடக்கு. எண்ணெய் ஊத்துங்க" என்பான்.

அவன் சொன்னது மனதில் கிடந்து உறுத்தியது. ஒருநாள் காது இரைகிறது என்று சாட்டுச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காது சோதிக்கிற அறையில் பாண்டிருப்புப் பிள்ளை ஒன்று இருந்தது. கண்ணாடி போட்ட, சிரிப்புக் குறைந்த பிள்ளை. இரண்டு காதையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரித்தான் ஐயா இருக்கு. உங்கட வயசுக்கு நல்ல காது" என்றாள்.

"அப்ப ரெண்டு பேர் ஒண்டாக் கதைச்சா ஏன் மகள் எடது தோத்துப்போகுது?"

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தலையில் வேறொரு கருவியை மாட்டினாள். "இப்ப ரெண்டு காதிலயும் ஒரே நேரத்தில ரெண்டு வித்தியாசமான சத்தம் வரும். கேட்டதச் சொல்லுங்க, யோசிக்க வேணாம்" என்றாள். ஒன்றில் பா, மற்றதில் டா. ஒன்றில் கா, மற்றதில் பா. அப்படியே வந்துகொண்டிருந்தது. நான் சொன்னதில் கூடுதலானவை வலது காதில் வந்தவை.

"பாத்தீங்களா, வலது நல்ல பக்கம்" என்றேன், ஏதோ நானே அதை உண்டாக்கியது போல.

"பேச்சுக்கு மட்டும் ஐயா. அதுவும் எல்லாருக்கும் இல்ல, கனபேருக்கு. பேச்சப் பிரிச்சு விளங்கிற வேலைய மூளையிட இடது பக்கம்தான் கூடச் செய்யுது. வலது காதில விழுறது அங்க நேர போகுது. இடது காதில விழுறது மற்றப் பக்கம் போய், அங்கயிருந்து சுத்தி வரவேணும். ரெண்டும் ஒண்டா வந்தா நேர வந்ததுதான் முந்தும். பாட்டு ராகம் எண்டா கொஞ்சப் பேருக்கு இடதுதான் முந்துறது."

பிறகு அவள் சொன்னாள்: "இப்ப அதே சத்தம்தான். ஆனா இடது காத மட்டும் கவனியுங்க. வலதில வாறத விட்டிருங்க."

முதலில் முடியவில்லை. கதவை ஒருவன் தள்ளிக்கொண்டு நிற்க, அவனைத் தாண்டி முற்றத்தைப் பார்ப்பது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் இடது எழும்பி வந்தது. ஒன்றை விட்டு ஒன்று, பிறகு தொடர்ந்து. முடிந்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

"காது மாறல்ல, வழியும் மாறல்ல. கவனம் மாறிட்டு" என்றாள் அந்தப் பிள்ளை. "ஆனா அது சும்மா வராது ஐயா. களைப்பெண்டாலும் வயசு போனாலும் கஷ்டம். இன்னொண்டு, இடத கேக்கக்குள்ள வலதில வந்தது என்ன எண்டு இப்பக் கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியாது."

உண்மைதான். ஒன்றும் தெரியவில்லை.

வாடிக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை வயரை மாற்றியது. பெரிய போட்டுகளில் நல்ல செட், உயரமான ஏரியல். குரல் கோழி கூவுவது மாதிரி வரும். அதற்கு எந்தக் காதும் போதும். சின்ன வள்ளங்களில் கையில் பிடிக்கிற செட், ஈர பெட்டரி. உதவி தேவையான குரல் அதுதான். நேர்வழியை அதற்குக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புக்காரனின் மூளைக்கு இது விளங்கியது. சங்கத்துக்கு விளங்கவில்லை.

விஷயம் வெளியே போனதற்கு றபீக்கின் வாய்தான் காரணம். மறுநாளே முன்வரிசைப் போட்காரர்களில் ஒருவரான ஹாஜியார் வாடிக்கு வந்துவிட்டார். அவரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். அவர் மேலே படித்தார், நான் இறங்கி வந்தேன்.

"டேய் மச்சான், என்ட போட்ட எடது காதுல போட்டிரிக்கியாம்?"

"ஓம். அங்கயும் நல்லாத்தான் கேக்குது."

"எடது கை என்னத்துக்கு எண்டு ஒனக்குத் தெரியாதா?"

"அது கை ஹாஜியார். காத வெச்சு ஆரும் கழுவுறல்லயே."

வாடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே சங்கத்தில் பேச்சு வந்தது. நான் எழும்பி நின்று, மூளையில் வலது இடது இருப்பதையும் பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் விளக்கினேன். பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: "ஒனக்கு மூள இரிக்கெண்டே இண்டைக்குத்தான் கேள்விப்படுறம்!" அந்தச் சிரிப்போடு கூட்டம் முடிந்தது. வயரைப் பழையபடி மாற்றச் சொல்லி உத்தரவு. மாற்றினேன்.

வயர் அவர்களுடையது. கவனம் என்னுடையது. அதைப் பழக்குவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. சாப்பிடும்போது என் மனைவி எனக்கு வலப்பக்கம் இருப்பாள். இடப்பக்கம் றேடியோவை வைத்துச் செய்தியை மட்டும் கேட்கப் பழகினேன். கண்ணை இடப்பக்கச் சுவரில் ஒரு புள்ளியில் நிறுத்தினால் மனம் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும் என்று நானே கண்டுபிடித்தேன். ஒருநாள் மனைவி கையைத் தட்டி, "இப்ப நான் என்ன சொன்ன, சொல்லுங்க பாப்பம்" என்றாள்.

"இறக்காமத்துப் பக்கம் யானை எறங்கியிரிக்காம்."

"என்ட தங்கச்சிட மகளுக்கு மாப்பிள பேசுறாங்க எண்டு சொல்றன், ஒங்களுக்கு யானையா?"

அந்தக் கலியாணம் நடந்து முடியும்வரை என்னிடம் அவள் அதைச் சொல்லிக் காட்டினாள். அவளிடம் நான் எப்படி விளக்குவது? இரண்டையும் கேட்கிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிலும் இருப்பீர்கள். நம்பாதீர்கள், உங்களையே நம்பாதீர்கள். நாலு காதுக்காரன் சொல்கிறேன்.

இனி அந்த நாள்.

மாரி காலம். கடல் கொந்தளிக்கும் என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே அன்சாரின் வள்ளம் இறங்கிவிட்டது. அன்சாரும் அவனுடைய தம்பிமார் இருவரும் அதில் இருந்தார்கள். மூவரும் என்னை அண்ணனாக நினைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவர்கள். மற்ற வள்ளங்களெல்லாம் மத்தியான ளுஹர்த் தொழுகைக்கு முன்பே கரை ஏறின. அவர்கள் மட்டும் வரவில்லை. ஆழ்கடலில் நின்ற போட்டுகள் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று ஹாஜியாருடையது. அதன் தண்டையல், உங்கள் பாஷையில் ஸ்கிப்பர், இஸ்மாலெவ்வை. போட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, பம்ப் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் வேறு இரண்டு போட்டுகள் சேர்ந்து வந்தன.

ஹாஜியார் வாடிக்குள் வந்து என் வலப்பக்கம் நின்றார். ஆழ்கடல் செட்டின் சத்தம் கூட்டும் திருகில் கையை வைத்து முழுக்கத் திருப்பினார். கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் இடது காதில் வந்தது. "கரை... கரை... அன்சார்..." அவ்வளவுதான். பிறகு இரைச்சல்.

என் இடது கை கரைக்கடல் செட்டின் திருகில். அதை விட்டால் குரல் நழுவிவிடும். வலது கை பேசுகிற மைக்கில். வளையம் ஒன்று, குமிழ் இரண்டு. வலது குமிழைத் தள்ள எனக்கு மூன்றாவது கை இல்லை. கழற்றித் திருப்பி மாட்டலாம் என்றால், அந்த நேரத்துக்குள் பெட்டரி செத்துவிட்டால் என்ன செய்வது?

"அன்சார், கரை கேக்குது. எங்க நிக்கிறீங்க? கெதியாச் சொல்லு."

அதே நேரம் வலது காதில் இஸ்மாலெவ்வை பேசத் தொடங்கினான். சத்தமாக, தெளிவாக, நேர்வழியால். ஹாஜியார் என் தோளை உலுக்கினார்.

"மச்சான், என்ட தண்டையல் கதைக்கிறான்! என்ன சொல்றான்? சொல்லுடா!"

"கைய எடுங்க. எடதுல வள்ளம்."

"வலதுல கதைக்கிறவன உட்டுட்டு எடதுக்கா காது குடுக்கிறாய்? அவங்க பதினோரு பேர்டா!"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். பதினோரு பேர், மூன்று பேர் என்று கணக்குப் பார்த்தால் ஹாஜியார் சொன்னதுதான் சரி. சத்தத்தைப் பார்த்தாலும் அவர்தான் சரி. நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: எந்தக் குரலுக்கு இந்தக் கரையிலிருந்து எதையாவது செய்ய முடியும்? இஸ்மாலெவ்வை நின்ற இடத்துக்கு நான் அனுப்பக்கூடியது கையேந்திக் கேட்கும் துஆ மட்டும்தான். அவனுக்குக் கை கொடுக்க இரண்டு போட்டுகள் பக்கத்தில் நின்றன. அன்சாருக்கு யாரும் இல்லை. அவன் எங்கே நிற்கிறான் என்பதை இந்தப் பூமியில் கேட்கக்கூடிய ஒரே இடம் என் இடது காது.

சுவரில் ஓர் ஆணி இருந்தது. கண்ணை அதில் வைத்தேன்.

"எஞ்சின் நிண்டுட்டு... நங்கூரம் போட்டிரிக்கம்... கயிறு தேயிது காக்கா..."

"கரையில என்ன தெரியிது?"

"வெளிச்சவீடு... நேர் மேக்க..."

அந்த நேரத்தில் வலது காது என்னை இழுத்தது. என் பெயர். இஸ்மாலெவ்வை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எத்தனை கதவு பூட்டினாலும் சொந்தப் பெயர் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு கணம் மனம் அந்தப் பக்கம் போனது. திரும்பி வந்தபோது அன்சாரின் ஒரு வசனம் போயிருந்தது.

"திரும்பச் சொல்லு மகன். வெளிச்சவீடு மேக்க. பிறகு?"

"பள்ளி மினாரா... நுனி மட்டும் தெரியிது... அடி தெரியல்ல..."

கடலில் நிற்பவன் பள்ளிவாசல் கோபுரமான மினாராவில் எவ்வளவு தெரிகிறது என்று சொன்னால், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது நமக்கு விளங்கும். நான் வாயால் சொல்லச் சொல்ல, அதற்குள் ஓடி வந்திருந்த றபீக் பின்னால் நின்று போனில் துறைமுகத்துக்கு அதையே சொன்னான். எதற்கும் ஓம் என்று சொல்லாதவன் அன்று ஒவ்வொரு சொல்லுக்கும் "ஓம், ஓம்" என்றான். இரட்டை எஞ்சின் பூட்டிய போட் ஒன்று துறைமுகத்திலிருந்து வெளிக்கிட்டது. அன்சாரின் குரல் இன்னொரு முறை வந்தது: "காக்கா, உம்மாட்ட..." பிறகு ஒன்றும் இல்லை. பெட்டரி போய்விட்டது.

நான் வளையத்தைக் கழற்றி வைத்தேன். வலது செட்டும் அப்போது அமைதியாக இருந்தது. ஹாஜியார் சுவரோடு சாய்ந்து நின்றார். "என்ட போட் என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"தெரியா" என்றேன்.

போனவர்கள் அன்சாரையும் தம்பிமாரையும் வெளிச்சம் போவதற்கு முன்பு கொண்டுவந்து இறக்கினார்கள். நங்கூரக் கயிற்றில் இரண்டு புரிதான் மிச்சம் இருந்தது என்று அவர்கள் சொல்ல, கடைசித் தம்பி மணலிலேயே உட்கார்ந்து அழுதான். அன்சார் அழவில்லை. என் இடது பக்கம் வந்து நின்று என் தோளில் நெற்றியை வைத்தான். ஹாஜியாரின் போட்டும் பின்பு துறைமுகம் சேர்ந்தது. பம்ப் கைவிடவில்லை. பதினோரு பேரும் நடந்தே இறங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

சங்கத்தில் மறுபடியும் பேச்சு வந்தது. ஒருவன் இரண்டு காதில் இரண்டு கடலைச் சுமக்க ஏலாது, காதுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றேன். இந்த முறை பின்னாலிருந்து யாரும் கத்தவில்லை. ஹாஜியார் எழும்பினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். "ரெண்டு கதிர போடுங்க. எங்கட கதிர வலப்பக்கம் இரிக்கட்டும்" என்றார். இன்றைக்கும் அது வலப்பக்கம்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

இதை என் பெருமைக்காகத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து இஸ்மாலெவ்வை வாடிக்கு வந்தான். மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கி, றபீக் வெளியே போகும்வரை மீன் விலை, மழை என்று எதையோ பேசிக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"காக்கா, அண்டைக்கு நான் செட்டுல சொன்னத ஆர்க்கிட்டயும் சொன்னீங்களா?"

"என்னத்த?"

"விளையாடாதீங்க காக்கா. ஒங்கட பேரச் சொல்லித்தானே தொடங்கின. என்ட ஊட்டுல அவக்கிட்டச் சொல்லிருங்க எண்டுதான் ஒங்களுக்குச் சொன்ன. பக்கத்து போட்டுகாரனுகள் சனலுல இல்லாத நேரம் பாத்துச் சொன்ன."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் ஏறிய போட்டில், இனி வர மாட்டேன் என்று நினைத்து, அவன் தன் மனைவிக்குக் கடைசி வார்த்தை சொல்லியிருக்கிறான். என் காதை நம்பி அதை என்னிடம் ஒப்படைத்திருக்கிறான்.

"பேர் மட்டும் கேட்டது இஸ்மாலெவ்வை. அதுக்குப் பிறகு ஒண்டும் எனக்குள்ள வரல்ல. நான் எடதுல நிண்ட."

"பொய். ஒங்களுக்கா கேக்கல்ல? இருமினா ஆளச் சொல்ற ஒங்களுக்கா?"

"என்ட புள்ளைகள்ட மேல சத்தியமா ஒரு சொல்லும் கேக்கல்ல."

அவன் என்னை நன்றாகப் பார்த்தான். நம்புவதா விடுவதா என்று தெரியாமல் நின்றான். அவன் நிம்மதியடைவான் என்று நினைத்தேன். முகத்தில் அது இல்லை. எதையோ கொடுத்துவிட்டு வந்தேன் என்று நினைத்திருந்தவன், அது தன் கையிலேயே இருப்பதைக் கண்டது மாதிரி இருந்தான். வெளியே கடல் அமைதியாகக் கிடந்தது. இரண்டு செட்டிலும் குரல் இல்லை.

"அப்ப நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தது சரிவராது" என்றான் மெதுவாக. "நான்தான் அவக்கிட்ட வாயால சொல்லணும்."

அது என்னவென்று நான் கேட்கவில்லை. அவன் மோட்டார்சைக்கிளை உதைத்தான். துறைமுகத்துக்குப் போக வேண்டியவன், வீட்டுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனான்.